பாறை நிலத்தில் சின்னதாக ஒரு விடுதி: கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பர்கூர், சூளகிரி, ராயக்கோட்டை, பென்னாகரம் என்று நம்ம பக்கத்தில் பாறையும் கரடுமாகக் கிடக்கும் நிலத்தில் நாலைந்து அறை கட்டி விடுதி நடத்தலாமா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பெங்களூருவிலிருந்து சனி ஞாயிறுக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் இந்தக் கேள்வி நியாயமானதுதான். நான் கட்டட வேலையில் இருப்பவன், அதனால் என்னிடம் வருகிறார்கள். நான் பேச்சை ஆரம்பிப்பது பெரும்பாலும் லான்சரோட்டே என்ற எரிமலைத் தீவிலிருந்து. அதனால் எழும் கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இங்கே எரிமலையும் இல்லை, கடலும் இல்லை. எதற்கு ஒரு எரிமலைத் தீவைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

அந்தத் தீவில் இருப்பதும் கல்தான், நம்மிடம் இருப்பதும் கல்தான் என்பதால். கல்லைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லாத ஒரு நிலத்தில், அந்தக் கல்லை அகற்றாமல், அதை மறைக்காமல், அதற்குள்ளேயும் அதன் மேலேயும் வீடும் உணவகமும் விடுதியும் கட்டி, அதைப் பார்க்கவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களை வரவழைத்திருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் வேலை செய்த வரிசை. கட்டடத்தின் தோற்றம் அவர்கள் ஊருக்கானது. நிலம் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்தார்கள், அங்கே விவசாயம் செய்தவர்கள் அதற்கு என்ன வழி கண்டுபிடித்திருந்தார்கள் என்று அடுத்துப் பார்த்தார்கள், அதற்குப் பிறகுதான் வரைபடம். நம்ம ஊரில் முதலில் போனில் ஒரு படம், அடுத்து ஜேசிபி, கடைசியில் வரைபடம்.

லான்சரோட்டே எங்கே இருக்கிறது? அங்கே அப்படி என்ன நடந்தது?

ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் ஒன்று, ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் அட்லாண்டிக் கடலில் இருக்கிறது. 1730 செப்டம்பரில் பூமி வெடித்து 1736 வரைக்கும் எரிமலைக் குழம்பு வெளியே வந்துகொண்டிருந்தது. தீவின் நிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மூடிப்போனது, ஊர்கள் புதைந்தன, தானியம் விளைந்த நல்ல நிலம் கறுப்புச் சாம்பலுக்கு அடியில் போனது. யாய்சா என்ற ஊரின் பாதிரியார் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். 1824-ல் மறுபடியும் ஒருமுறை வெடித்தது.

மழையும் அங்கே கிடையாது என்றே சொல்லலாம், ஆண்டுக்குச் சுமார் 150 மி.மீ. நமக்கு 800 மி.மீ. பக்கம் பெய்கிறது. நாம் வறட்சி மாவட்டம் என்று சொல்லிக்கொள்கிறோம், அவர்களுக்குக் கிடைப்பது நம்முடையதில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்த விவசாயிகள் ஊரை விட்டுப் போகாமல் ஒன்றைக் கவனித்தார்கள். சாம்பலுக்கு அடியில் இருக்கும் பழைய மண் ஈரமாகவே இருக்கிறது. மேலே கிடக்கும் கறுப்புத் துகள் இரவுப் பனியை உள்ளே இழுக்கிறது, பகலில் ஈரம் ஆவியாகாமல் மூடிக்கொள்கிறது. லா ஹேரியா என்ற பகுதியில் சாம்பலைத் தோண்டி, 2, 3 மீட்டர் ஆழம் வரைக்கும் குழி எடுத்து, குழிக்கு ஒரே ஒரு திராட்சைக் கொடி நட்டார்கள். காற்று அடிக்கும் பக்கத்தில் அரைவட்டமாகக் கல்லை அடுக்கிச் சின்னச் சுவர், சாந்து கிடையாது. மலைச்சரிவு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான குழிகள். இன்றைக்கும் அதில் விளையும் திராட்சையில்தான் அந்த ஊர் ஒயின் வருகிறது.

செசார் மன்ரிக்கே என்று ஒருவர் பெயரைச் சொல்கிறீர்களே, யார் அவர்?

அந்தத் தீவிலேயே, அரெசிஃபே என்ற ஊரில் 1919-ல் பிறந்த ஓவியர். 1960களின் நடுவில் நியூயார்க்கில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். அப்போது ஸ்பெயினில் சுற்றுலா பெருகிக் கடற்கரை எல்லாம் அடுக்குமாடி ஹோட்டல்களாக மாறிக்கொண்டிருந்த நேரம், தன் தீவும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். தீவு நிர்வாகத்தின் தலைவராக இருந்த பேப்பின் ராமீரெஸ் இவருடைய பழைய நண்பர் என்பது பெரிய உதவி. பனை மரத்தை விட உயரமாகக் கட்டடம் வேண்டாம், சாலையோரம் விளம்பரப் பலகை வேண்டாம், சுவர் வெள்ளை, கதவு ஜன்னல் பச்சை அல்லது நீலம் என்று தீவே ஒரு ஒழுங்குக்கு வந்தது.

அவர் தனக்குக் கட்டிக்கொண்ட வீட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்ம பாறைக்கு அதில்தான் பாடம் இருக்கிறது. தஹீச்சே என்ற இடத்தில், அந்த 1730 வெடிப்பில் ஓடி உறைந்துபோன கறுங்குழம்பின் நடுவில் ஒரு அத்திமரம் பச்சையாக வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அடியில் ஒரு பள்ளம், உள்ளே பெரிய காற்றுக் குமிழி. குழம்பு உறையும்போது வாயு சிக்கி உண்டான குகை அது. அப்படி ஐந்து குமிழிகள் அடுத்தடுத்து இருந்தன. அவற்றைக் குடைந்த வழிகளால் இணைத்து கீழ்த்தளமாக்கினார், மேலே அந்த ஊர் விவசாயி வீட்டு பாணியில் வெள்ளையாக ஒரு தளம் கட்டினார். 1968-ல் கட்டிய வீடு. ஒரு ஜன்னலில், வெளியே கிடக்கும் எரிமலைக் குழம்பு கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வழிந்து வருவது போலவே விட்டிருக்கிறார். பாறை இருந்த இடத்திலேயே இருக்கிறது, அறைதான் அதற்கு இடம் கொடுத்து வளைந்திருக்கிறது. 1992-ல் அந்த வீடு அறக்கட்டளையாகத் திறக்கப்பட்டது, அதே ஆண்டு செப்டம்பரில் அதற்குப் பக்கத்திலேயே சாலை விபத்தில் இறந்துபோனார்.

சார், அந்தத் தீவில் சின்ன விடுதிகள் எப்படி இருக்கும்? உள்ளே போனால் என்ன தெரியும்?

பெரும்பாலும் பழைய பண்ணை வீட்டைத்தான் விடுதியாக மாற்றியிருப்பார்கள். உயரமில்லாத வெள்ளைச் சுவர், நடுவில் முற்றம், வடகிழக்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் காற்றைத் தடுக்க அந்தப் பக்கம் ஜன்னல் குறைவு. முற்றத்துக்குக் கீழே மழைநீர்த் தொட்டி, கூரையில் விழும் ஒவ்வொரு சொட்டும் அதற்குள் போகிற மாதிரி வாட்டம். தோட்டம் என்றால் புல்தரை கிடையாது. கறுப்புச் சாம்பலைப் பரப்பி, கள்ளியும் கற்றாழையும் ஒன்றிரண்டு பனையும். இதில் ஆடம்பரம் என்று காசு கொட்டிய பொருள் எதுவும் கண்ணில் படாது, ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

பெரிய ஹோட்டலிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கோஸ்தா தெகீசேயில் 1977-ல் திறந்த லாஸ் சலினாஸ் ஹோட்டலை ஃபெர்னாண்டோ ஹிகேராஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார், தோட்டமும் குளமும் மன்ரிக்கே செய்தது.

அண்ணா, சாண்டோரினி மாதிரி வெள்ளைக் குவிமாடம், நீலக் கதவு வைத்துக் கட்டலாமா? போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

வேண்டாம். சாண்டோரினியும் எரிமலைத் தீவுதான், கிரேக்க நாட்டில் இருக்கிறது. அங்கே அந்த வடிவம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கூரை போட மரம் கிடைக்காத தீவு அது, ஆனால் குடைந்தால் குடைய வரும் சாம்பல் அடுக்கு இருந்தது, அதனால் மலையைக் குடைந்து வீடு எடுத்தார்கள். அதே எரிமலை மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் சிமெண்ட் போல இறுகும், ஆகவே மரமில்லாமல் வளைவுக் கூரை நின்றது. வெள்ளை அடித்தது வெயிலைத் திருப்பி அனுப்ப.

நம்ம கருங்கல்லைக் குடைய முடியாது. இங்கே கம்பி கட்டி கான்கிரீட்டில் குவிமாடம் வார்த்து வெள்ளையடித்தால் அது ஒரு சூட்டுப் பானை, இரண்டு மழைக்காலம் போனால் பாசி ஓடிப் பச்சையும் கறுப்பும் கோடு கோடாக இறங்கும். அதைப் பார்க்க பெங்களூருவிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை, அங்கேயே நிறைய இருக்கிறது.

நமக்கு முன்மாதிரி வேண்டும் என்றால் சூளகிரி பக்கம் மல்லச்சந்திரம் போய்ப் பாருங்கள். பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அஸ்திவாரம் தோண்டாமல், மொட்டைப் பாறை மேலேயே பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல்லை மூடி, சாந்தே இல்லாமல் நிற்க வைத்திருக்கிறார்கள். நம்ம கல் எப்படிப் பிளக்கும், எப்படி நிற்கும் என்பதை அந்த ஆட்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். கல்கால் நட்ட வேலியும் பலகைக் கல் வேய்ந்த பழைய வீடுகளும் நம்ம கிராமங்களில் இன்னும் இருக்கின்றன, அவை எல்லாம் அந்த அறிவின் தொடர்ச்சிதான்.

பாறை நடுவில் இடைஞ்சலாக இருக்கிறது. வெடி வைத்து சமன் செய்துவிட்டால் வேலை சுலபம்தானே?

வேலை சுலபம், நிலம் போய்விடும். இதை நான் வருகிற எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் விடுதி நடத்தப்போவதே அந்தப் பாறைக்காக. 250 கோடி ஆண்டுக்குப் பக்கத்தில் வயசு உள்ள கல் நம்ம கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கல், லான்சரோட்டேவின் குழம்பு 300 வயசுகூட ஆகாதது. அதை அவர்கள் அவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறார்கள்.

வேலை முறையாகப் பார்த்தாலும் வெடி நஷ்டம். வெடித்த பாறையில் மயிரிழை விரிசல்கள் கீழே வரைக்கும் ஓடும், அதன் மேல் தூக்கும் சுவரில் பின்னால் கீறல் வரும். மழைத் தண்ணீர் இத்தனை காலமாக ஓடிய பாதை மாறி உங்கள் வாசலுக்கே வரலாம். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு ஊற்றுக் கண்ணை இழந்தால் ஊரோடு சண்டை. வெடி வைக்க உரிமம் வேண்டும், உடைத்த கல்லை வெளியே கொண்டுபோக கனிமவளத் துறை அனுமதி வேண்டும், இரண்டும் இல்லாமல் செய்து மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

மாற்று வழி, தளத்தைப் படி படியாக விடுவது. ஒரு அறை இரண்டு அடி மேலே, அடுத்தது மூன்று அடி கீழே, நடுவில் கல் படி. உருண்டைப் பாறை குறுக்கே நின்றால் அதையே ஒரு பக்கச் சுவராக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பாறையும் சுவரும் சேரும் இடத்தில்தான் ஒழுகும். மழை பெய்தால் பாறையின் மேல்பரப்பில் தண்ணீர் ஒரு தகடு போல வழிந்து வந்து சுவரில் முட்டி, எவ்வளவு பூசினாலும் உள்ளே கசியும். அதனால் சுவரைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்பே, பாறையிலேயே இரண்டு விரல் அகலத்துக்கு உளியால் ஒரு கால்வாய் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். கல்வேலை தெரிந்தவர் உட்கார்ந்து கொத்தினால் முடிந்துவிடும் வேலை. சேரும் இடத்தில் வெறும் சிமெண்ட் வைத்தால் வெயிலில் பாறை ஒரு அளவு விரியும், சுவர் ஒரு அளவு விரியும், நடுவில் வெடித்துவிடும். சுண்ணாம்புச் சாந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதுதான் அங்கே சரி.

கருங்கல்லில் கட்டினால் உள்ளே அடுப்பு மாதிரி சுடாதா? லான்சரோட்டேவில் கல் வீடு குளுகுளுவென்று இருக்கிறது என்கிறார்கள்.

நல்ல கேள்வி, அப்படியே நகல் எடுப்பவர்கள் விழுவது இங்கேதான். எரிமலைக் கல்லுக்குள் நிறைய காற்றுத் துளைகள் இருக்கும், குழம்பு கொதித்து உறைந்த கல் அது. துளைக்குள் நிற்கும் காற்று சூட்டை எளிதில் கடத்தாது. நம்ம கருங்கல் கெட்டி, துளையே கிடையாது, ஒரு கன மீட்டர் சுமார் இரண்டே முக்கால் டன் கனம். மதியம் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, ஒன்றரை அடிச் சுவராக இருந்தால் இரவு விருந்தாளி படுக்கப்போகும் நேரத்தில் உள்ளே தள்ளும். அதனால்தான் மே மாதம் நம்ம கல் வீட்டுக்காரர்கள் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தார்கள்.

அதற்காகக் கல்லை விட வேண்டாம், வெயிலை அதன் மேல் படவிடாதீர்கள். சுற்றிலும் ஏழெட்டு அடி தாழ்வாரம், தலையில் இடிக்கிறதோ என்று நினைக்கிற அளவுக்கு இறங்கிய ஓட்டுக் கூரை. நிழலில் இருக்கும் கருங்கல் சுவர் நாள் முழுக்க ஜில்லென்று இருக்கும், கன்னத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். மேற்குச் சுவரை மட்டும் கல்லில் வைக்காதீர்கள், செங்கல்லில் நடுவில் இடைவெளி விட்டு இரட்டைச் சுவராக எழுப்புங்கள், அல்லது குளியலறையையும் பொருள் வைக்கும் அறையையும் மேற்கே தள்ளுங்கள். பாறைக்கு எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்க எல்லோருக்கும் ஆசை. கிழக்கு, வடக்கு என்றால் வையுங்கள். மேற்கில் பாறை இருந்தால் வெயிலும் அடிக்கும், பாறையிலிருந்து வரும் அனலும் சேர்ந்து அடிக்கும்.

இடத்துக்கு இடம் கணக்கும் மாறும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர், ஓசூர் சுமார் 900 மீட்டர். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இரவில் நன்றாகக் குளிர்ந்துவிடும் என்பதால் மேல் ஜன்னலைத் திறந்து வைத்தாலே சூடு இறங்கிவிடும். ஊத்தங்கரை, அரூர் பக்கம் அந்தக் குளிர்ச்சியை நம்பிக் கட்டாதீர்கள்.

பலகைக் கல்லில் கூரை போடலாமா?

தாழ்வாரத்துக்கும் திண்ணைக்கும் போடலாம், அழகு. படுக்கை அறைக்கு என்றால் கல்லுக்கு மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, தட்டோடு பதித்தால்தான் சூடு தாங்கும். ஆறேழு அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் கல்லை நீட்டாதீர்கள்.

போர்வெல் 1,000 அடி போட்டும் தண்ணீர் இல்லை. விடுதிக்குத் தண்ணீர் எங்கே இருந்து வரும்?

பாறையிலிருந்து. பாறை தண்ணீரைக் குடிக்காது என்பதை எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். லான்சரோட்டே விவசாயிக்கு அப்படி ஒரு பாறை கிடைத்திருந்தால் அவர் சரிவையே வெள்ளையடித்து, விழும் மழையை ஒரு சொட்டு விடாமல் தொட்டிக்கு இறக்கியிருப்பார்.

கணக்கு எளிது. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 25 சென்ட் மொட்டைப் பாறை என்றால் சுமார் 1,000 சதுர மீட்டர். ஆண்டுக்கு 800 மி.மீ. பெய்தால் அதன் மேல் விழுவது 8 லட்சம் லிட்டர். தூறலில் காய்ந்துபோவது, முதல் மழையில் கழுவி வெளியே விடுவது, வழிந்தோடுவது எல்லாம் போக பாதி கிடைத்தாலும் 4 லட்சம் லிட்டர். ஐந்தாறு அறை விடுதியில் குளியல், சமையல், துணி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2,500 லிட்டர் வைத்துக்கொண்டாலும் ஐந்து மாதத்துக்கு வரும். நமக்கு மே மாதக் கோடை மழை, தென்மேற்கு, வடகிழக்கு என்று மழை பல மாதங்களில் பிரிந்து பெய்வதால் அவ்வளவையும் ஒரே சமயத்தில் தேக்க வேண்டியதில்லை.

எங்கே தேக்குவது என்பதற்கும் பாறையையே பாருங்கள். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகளில் ஏறியவர்களுக்குத் தெரியும், உச்சியில் சுனைகள் இருக்கும். அத்தனை படைவீரர்களும் குதிரைகளும் அந்தத் தண்ணீரில்தான் இருந்திருக்கிறார்கள். இயற்கையாகப் பள்ளம் விழுந்த இடத்தில், கீழ்ப்பக்கம் மட்டும் கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒரு குறுக்குச் சுவர் எழுப்பினால் சுனை பெரிதாகும். அதற்குக் கீழே மூடிய தொட்டி ஒன்று, மணலும் கரியும் போட்ட வடிகட்டி ஒன்று.

குடிக்கும் தண்ணீருக்கு மழைநீரை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் ஃபுளோரைடு. நம்ம இரண்டு மாவட்டத்திலும் ஆழத்துப் பாறையிலிருந்து அது தண்ணீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, வருஷக் கணக்கில் குடித்தால் எலும்பு வளையும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும். போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்காமல் விருந்தாளிக்குக் கொடுக்காதீர்கள்.

கழிவுநீர்?

இதை எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். மண் நிலத்தில் உறிஞ்சு குழி வெட்டினால் முடிந்தது, பாறையில் உறிஞ்ச எதுவும் இல்லை. குழி நிரம்பி விரிசல் வழியாக ஓடிக் கீழே இருக்கிறவன் கிணற்றில் சேரும். ஆகவே செப்டிக் டேங்கைத் தாண்டி வரும் நீரை, அடிப்பகுதி கசியாத ஒரு நீளத் தொட்டியில் ஜல்லி நிரப்பி, அதில் கல்வாழையும் கோரையும் நட்டு அதன் வழியாக மெல்ல ஓடவிடுங்கள். வேர்களில் இருக்கும் நுண்ணுயிர்கள் மிச்ச வேலையைச் செய்யும். வெளியே வருவதை மாமரத்துக்கு விடலாம். கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும், கழிவுநீர்த் தொட்டி என்று யாருக்கும் தெரியாது.

நீச்சல் குளம் இல்லாமல் யார் வருவார்கள் என்கிறார்களே?

சின்னதாக ஒன்று, பாறைப் பள்ளத்தில், ஆள் அமிழ்ந்து உட்காரும் ஆழத்துக்கு. லாரியில் தண்ணீர் வாங்கி நிரப்ப வேண்டிய குளத்தைக் கட்டாதீர்கள், கோடையில் ஊர்க்காரர்கள் குடத்தோடு நிற்கும்போது அது உங்களுக்கே உறுத்தும்.

கைவிட்ட கல்குவாரிக்குப் பக்கத்தில் நிலம் மலிவாக வருகிறது. அதில் செய்யலாமா?

செய்தால் நம்ம மாவட்டத்துக்கே நல்லது. மன்ரிக்கேயின் கடைசிப் பெரிய வேலை, 1990-ல் குவாத்திசா என்ற ஊரில் திறந்த கள்ளித் தோட்டம், சாம்பல் வெட்டி எடுத்துக் கைவிட்ட ஒரு குழியில்தான் அமைந்தது. சுற்றிலும் அரங்கம் போல அடுக்கடுக்காகக் கல் படிகள், அவற்றில் ஆயிரக்கணக்கான கள்ளிகள், நடுவில் வெட்டாமல் விட்ட சில சாம்பல் தூண்கள் சிலை போல நிற்கின்றன.

நம்ம குவாரி அப்படி ஆழமில்லாத குழி இல்லை, செங்குத்தாக நூறு அடிகூட இறங்கும். தண்ணீர் நின்றால் பச்சையாக அழகாகத் தெரியும், இறங்கினால் ஏற விளிம்பு இருக்காது, வருஷா வருஷம் பிள்ளைகள் மூழ்கிப்போகும் செய்தி வருகிறது. உறுதியான வேலி, விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டடம், வெடியில் தளர்ந்த கற்களை நிபுணரை வைத்துத் தட்டி இறக்குவது, இவ்வளவும் செய்ய வசதி இருந்தால் மட்டும் தொடுங்கள். பக்கத்தில் வேறு குவாரி இன்னும் ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஓடினால் வெடிச் சத்தத்திலும் தூசியிலும் விடுதி நடத்த முடியாது.

என்ன மரம் செடி வைக்கலாம்?

ஏற்கெனவே நிற்பதை முதலில் விடுங்கள். பாறை இடுக்கில் தானாக வந்த சீத்தா, ஆவாரை, உசில், வேம்பு, புங்கன், சப்பாத்திக்கள்ளி இவற்றைச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று ஜேசிபி விட்டு வழித்துவிட்டு, லாரியில் புல்தரை வாங்கி விரிப்பவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. மண் ஒரு சாண்தான் இருக்கிறது என்றால் லா ஹேரியா முறை இங்கேயும் வரும்: செடியைச் சுற்றி அரைவட்டக் கல்வரப்பு, தண்ணீர் வரும் சரிவை நோக்கித் திறந்த மாதிரி. அடியில் சருகு, மேலே கூழாங்கல் மூடாக்கு. நம்மிடம் எரிமலைச் சாம்பல் இல்லை, ஈரத்தைப் பிடித்து வைக்கும் வேலையை இந்த மூடாக்கு செய்துவிடும்.

யானை வருமா?

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ராயக்கோட்டை, சூளகிரி பக்கம் என்றால் வரும். பன்னர்கட்டா காட்டிலிருந்து அக்டோபர் வாக்கில் கூட்டமாக இறங்கி, கேழ்வரகு அறுவடை முடியும் வரை சுற்றும். அது அவற்றின் பழைய வழி. நிலத்துக்குக் குறுக்கே அந்த வழி போகிறதா என்று பக்கத்து விவசாயிகளிடம் கேளுங்கள், போகிறது என்றால் அங்கே விடுதியே வேண்டாம். வழிக்குத் தள்ளி இருந்தாலும் கம்பத்தில் பெரிய விளக்கு, இரவில் பாட்டுச் சத்தம், வெளியே கொட்டிய சமையல் கழிவு மூன்றும் கூடாது. வேலியில் நேரடி மின்சாரம் விடுவது குற்றம், யானையும் சாகும், ஆளும் சாவார்.

சாப்பாட்டுக்கு என்ன வைப்பது? எல்லா ஊர் அயிட்டமும் வேண்டுமா?

லான்சரோட்டேவின் திமன்ஃபாயாவில், எரிமலை வெடித்த அதே இடத்தில், எல் தியாப்லோ என்று ஒரு உணவகம் 1970-லிருந்து இருக்கிறது. கல்லும் இரும்பும் கண்ணாடியும்தான் கட்டடம். தரையில் ஒரு துளை, அதன் மேல் கம்பி வலை, கீழிருந்து வரும் பூமியின் சூட்டிலேயே கறி வேகிறது. அந்த ஒரு அடுப்பைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. நம்மிடம் களி இருக்கிறது. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும், ஜூன் மாதம் மாம்பழமும் கொடுங்கள். பக்கத்து ஊரில் நன்றாகச் சமைக்கும் அம்மா ஒருவரை நல்ல சம்பளத்தில் வைத்தால், நகரத்திலிருந்து ஆள் கூட்டி வர வேண்டியதில்லை. பன்னீர் பட்டர் மசாலாவுக்காக யாரும் நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருவதில்லை.

எத்தனை அறை கட்டினால் லாபம்?

நான் ஆறுக்கு மேல் வேண்டாம் என்பேன். தண்ணீர்க் கணக்கு, கழிவுநீர், விருந்தாளி எதிர்பார்க்கும் அமைதி எல்லாம் அந்த அளவில்தான் நிற்கும். லான்சரோட்டேவிலேயே சுற்றுலா பெருகி, 1980களில் ஹோட்டல்கள் மளமளவென்று வந்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியவர் மன்ரிக்கே. தீவுக்குக் கூட்டத்தை வரவழைத்தவரே போதும் நிறுத்துங்கள் என்றார்.

செலவைப் பொறுத்தவரை, கல் உங்கள் நிலத்திலேயே இருந்தாலும் கூலி கூடும், கல்தச்சு தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆனால் சமன் செய்யும் செலவு, மண் அடிக்கும் செலவு, தடுப்புச் சுவர் எல்லாம் மிச்சமாகும். அந்தப் பணத்தைக் கூலிக்குத் திருப்புங்கள் என்றுதான் சொல்வேன்.

என்னென்ன அனுமதி?

கட்டட வரைபடத்துக்கு ஊராட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும், சமையலுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம். காப்புக்காடு பக்கத்தில் இருந்தால் வனத்துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பி அஸ்திவாரம் போடாதீர்கள்.

இன்னும் நிலம் வாங்கவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

ஒரே நாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் மதியம் 3 மணிக்குப் போய்ப் பாறை மேல் நில்லுங்கள், எந்தப் பக்கம் அனல் அடிக்கிறது என்று தெரியும். அக்டோபரில் கனமழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு போய், தண்ணீர் எந்த வழியாக இறங்கி எங்கே தேங்குகிறது என்று சுண்ணாம்பால் அடையாளம் வையுங்கள், வரைபடம் போடுபவருக்கு அதை விட நல்ல தகவல் கிடையாது. ஒரு ராத்திரி அங்கேயே தங்கிப் பாருங்கள், நெடுஞ்சாலை லாரிச் சத்தம் எவ்வளவு தூரம் வருகிறது என்பது பகலில் தெரியாது.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பாருங்கள், எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் கிராம நிலக் கணக்கு அது. விற்பவர் காட்டும் அழகான பாறை பல இடங்களில் பட்டாவில் சேராது. பட்டா நிலம் பாறையின் அடிவாரத்தோடு முடிந்திருக்கும், மேலே இருப்பது அரசு நிலமாக இருக்கும். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகு பேசுங்கள். பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே ‘பாறை புறம்போக்கு’ என்று இருந்தால், முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.